நாலு வருஷமாக இலை மட்டும்: குன்னூரில் வெளியில் வைத்த சிம்பிடியம் பூக்குமா?

கேள்வி, 11 செப்டம்பர் 2022

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். அம்மா வளர்த்த சிம்பிடியம் ஆர்க்கிட் மூன்று தொட்டி வீட்டில் இருக்கிறது. அம்மா இருந்தவரை வருஷா வருஷம் பிப்ரவரியில் பூத்தது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. நானும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன், உரம் போடுகிறேன். இலை கரும்பச்சையாக, செழிப்பாக இருக்கிறது. பூ மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஒரு நர்சரியில் கேட்டேன். கண்ணாடி வீடு இல்லாமல் இது சரிப்படாது, பழைய செடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை. நம் மலையில் வெளியில் வைத்தே இதைப் பூக்க வைக்க முடியுமா, முடியாதா?

11 செப்டம்பர் 2022, இரவு

தூக்கிப் போடாதீர்கள் தம்பி. கண்ணாடி வீடு தேவையே இல்லை. கோத்தகிரியில் என் வாசலில் 22 தொட்டி இருக்கிறது, எல்லாம் திறந்த வெளியில். போன பிப்ரவரியில் அதில் 14 பூத்தது. உங்கள் தொட்டி ராத்திரியில் எங்கே இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

12 செப்டம்பர் 2022

நேற்று அவசரத்தில் கேள்வியை மட்டும் போட்டுவிட்டேன். ஏன் ராத்திரியைப் பற்றிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நாம் வளர்க்கும் பெரிய பூ சிம்பிடியங்களின் பாட்டன் பூட்டன் எல்லாம் இமயமலைச் சரிவிலும் பர்மா, வியட்நாம் மலைகளிலும் பிறந்தவை. கோடையில் மழையும் வெயிலும் குடித்து வளரும். மழை ஓயும்போது ராத்திரி சட்டென்று குளிரும். பகலுக்கும் இரவுக்கும் அந்த இடைவெளி விழுந்தால்தான் செடி பூந்தண்டு விடத் தொடங்கும். செப்டம்பர், அக்டோபரில் இரவு 10 முதல் 14 டிகிரிக்குள் இறங்க வேண்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அது தானாகவே அமைகிறது. கோயம்புத்தூரில் என்ன செய்தாலும் அமையாது.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் இப்படி. 2009இல் முதல் செடி வாங்கினேன். பனி பட்டுக் கருகிவிடுமோ என்று பயந்து, கண்ணாடி ஜன்னல் போட்ட முன்னறையில் வைத்தேன். மூன்று வருஷம் இலைதான். 2012 செப்டம்பரில் அந்த அறையின் மரத்தளம் உளுத்துப் போய் மாற்ற வேண்டியிருந்தது. தச்சர் வந்ததும் எல்லாத் தொட்டியையும் வாசலில் கொண்டுபோய் வைத்தோம். வேலை இழுத்துக்கொண்டே போனது. நவம்பர் கடைசி வரை அவை வெளியிலேயே கிடந்தன. டிசம்பரில் உள்ளே எடுக்கப் போனபோது ஏழு தொட்டியில் நாலில் தண்டு. வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் எண்ணினேன். திரும்ப உள்ளே எடுக்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன், குளிர்தான் காரணம். தொட்டியை வெளியே எடுங்கள்.

15 செப்டம்பர் 2022

தம்பி பதில் போட்டிருக்கிறார். தொட்டிகள் ஏற்கெனவே வெளியில்தான் இருக்கின்றனவாம், தோட்டத்துக் கோடியில் சில்வர் ஓக் மரத்தடியில். "குளிர் நல்லாவே விழுது அக்கா" என்கிறார்.

அப்படியானால் நான் சொன்னது இவருக்குப் பொருந்தவில்லை. யோசிக்க வேண்டும்.

16 செப்டம்பர் 2022

யோசித்தேன். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 12ஆம் தேதி எழுதியது பாதிதான் சரி. எல்லாப் பெருமையையும் குளிருக்கே கொடுத்துவிட்டேன். 2012இல் தொட்டியெல்லாம் முன்னறையிலிருந்து வாசலுக்கு வந்தபோது குளிர் மட்டுமா கிடைத்தது? காலை வெயிலும்தானே கிடைத்தது. என் வாசல் கிழக்குப் பார்த்தது.

நோட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 2016 மார்ச்சில் ஒரே செடியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியைப் பேரிக்காய் மரத்தடியில் வைத்தேன், மறு பாதியைக் கிழக்குச் சுவர் ஓரம். இரண்டுக்கும் ஒரே கலவை, ஒரே தண்ணீர், ஒரே குளிர். 2018 பிப்ரவரியில் சுவரோரத் தொட்டியில் மூன்று தண்டு. மரத்தடியில் ஒன்றுமில்லை. ஆனால் இலை அங்கேதான் அழகு. நீளமாக, தொங்கலாக, பளபளவென்று கரும்பச்சை.

தம்பி கேள்வியிலேயே "கரும்பச்சை" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த உடனே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். சிம்பிடியத்துக்குக் கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் இதைச் சொல்வது சுலபம்: முற்றிய தேயிலையின் நிறம் இருந்தால் நிழல் அதிகம், கொழுந்தின் நிறம் இருந்தால் சரி. மஞ்சள் கலந்த இளம்பச்சை. பார்த்தால் சத்தில்லாத செடி போலத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். இலையும் தொங்காமல் கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும்.

வெயில், குளிர் இரண்டும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இலையோடு நின்றுவிடும்.

16 செப்டம்பர் 2022, சாயங்காலம்

கேட்க மறந்தது: உங்கள் அம்மா இருந்தபோதும் அதே சில்வர் ஓக் அடியில்தான் இருந்ததா?

19 செப்டம்பர் 2022

தம்பி எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன், படிக்கும் எல்லோருக்கும் உதவும்.

"அம்மா எங்கே வைத்திருந்தார் என்று சரியாக ஞாபகமில்லை. அவர் போன பிறகு வெயிலில் வாடக்கூடாது என்று நான்தான் மரத்தடிக்கு மாற்றினேன். இன்று சமையலறைப் பக்கக் கைப்பிடிச் சுவரைப் போய்ப் பார்த்தேன். சுவர் மேலே வட்டமாக மூன்று கறை இருக்கிறது, பாசி பிடிக்காமல்."

அந்தச் சுவர் கிழக்கா தெற்கா என்று கேட்டேன். கிழக்குதான்.

நீங்கள் அக்கறையாகத்தான் மாற்றியிருக்கிறீர்கள் தம்பி. மனசு வருத்தப்பட ஒன்றுமில்லை, நாலு வருஷம் நிழலில் இருந்தும் செடி உயிரோடு இருக்கிறதே. மூன்று தொட்டியையும் அந்த மூன்று வட்டத்துக்கே கொண்டுபோங்கள். ஆனால் ஒரே நாளில் வேண்டாம். நிழலில் வளர்ந்த இலை, திடீர் வெயிலில் வெந்து கறுத்துப் போகும். ஒரு வாரம் மரத்துக்கு வெளியே, காலை ஒரு மணி நேர வெயில் படும் இடம். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம். அப்புறம் சுவர். மார்ச்சிலிருந்து மே வரை மட்டும் உச்சி வெயிலுக்கு 50 சதவீதப் பச்சை வலை ஒன்றை மேலே கட்டுங்கள்.

வெயில் அதிகமா என்று சந்தேகம் வந்தால் மத்தியானம் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாக இருந்தால் அதிகம். இலை வெதுவெதுப்பாக இருந்தால் விட்டுவிடலாம்.

இந்த வருஷம் பூ வரும் என்று நம்ப வேண்டாம். பல்பு என்றால் இலைக்கு அடியில் வெங்காயம் போலப் பருத்து நிற்கும் பகுதி. தண்டு விட வேண்டிய பல்பு மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குள் வெளிச்சத்தில் கொழுத்திருக்க வேண்டும். உங்களுடையது நிழலில் வளர்ந்தது. அடுத்த வருஷம் பார்ப்போம்.

2 அக்டோபர் 2022

மழை வரப்போகிறது, அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

இமயமலைச் செடி நம் மலையில் நன்றாக வரும் என்பது உண்மை. ஆனால் அங்கும் இங்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, புத்தகம் படித்து வளர்ப்பவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். சிக்கிமிலோ காலிம்போங்கிலோ அக்டோபரில் மழை முடிந்துவிடும். தண்டு வரும் காலம் முழுக்க வறண்ட குளிர், தெளிந்த வானம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபரில்தான் பெருமழையே ஆரம்பம். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். செடிக்குக் குளிரும் வெளிச்சமும் வேண்டிய அதே நேரத்தில் நம் வானம் மூடிக்கொண்டு வாரக்கணக்கில் கொட்டுகிறது. கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன், ஜூலையில் அந்தக் கஷ்டம். அது வளரும் பருவம் என்பதால் வேர் மட்டும் அழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகையால் அக்டோபர் பத்து தேதிக்குள் என் தொட்டிகளுக்கு மேலே தெளிவான பாலிதீன் தாள் ஏறிவிடும். பக்கவாட்டில் ஒன்றும் கட்ட மாட்டேன், காற்று போக வேண்டும். வலையை இந்த மாதங்களில் கழற்றிவிடுகிறேன். மூடிய வானத்தில் கிடைக்கும் கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் தடுப்பானேன்?

கலவை விஷயம். ஆரம்பத்தில் ரோஜாவுக்குப் போடுவது போலச் செம்மண், சாணி எரு, இலைமக்கு போட்டேன். அந்த மழையில் தொட்டியைக் கவிழ்த்தபோது அடித்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வேரை இரண்டு விரலில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது, உள்ளே ஒரு நூல்தான் மிச்சம். நல்ல வேர் வெள்ளையாக, பென்சில் கனத்தில், ஒடித்தால் மளுக்கென்று ஒடியும்.

இப்போது தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, கட்டைக்கரி ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு. பைன் பட்டை கிடைத்தால் மட்டையில் பாதியைக் குறைத்து அதைச் சேர்ப்பேன். மட்டையை ஒரு வாரம் ஊறவைத்துத் தண்ணீரை நாலைந்து தடவை மாற்ற வேண்டும், அதில் உப்பு இருக்கும். ஊறவைத்த தண்ணீர் காப்பி நிறத்தில் வருவது நிற்கும் வரை மாற்றுங்கள்.

5 அக்டோபர் 2022

ஈரோட்டிலிருந்து ஒருவர், "எங்களுக்கு வழியே இல்லையா?" என்று கேட்கிறார். பெரிய பூக் கலப்பினங்களுக்கு வழி இல்லை, பொய் சொல்ல மாட்டேன். இரவு குளிராத இடத்தில் அவை இலையாகவே நிற்கும். மலையிலிருந்து மொட்டோடு வாங்கிக்கொண்டு போனாலும் மொட்டு மஞ்சளாகி உதிரும்.

ஆனால் நம் நாட்டிலேயே சூட்டைத் தாங்கும் சிம்பிடியம் உண்டு. சிம்பிடியம் அலோயிஃபோலியம். கற்றாழை மாதிரி தடித்த இலை, தாழ்வான மலைக்காடுகளில் மரக்கிளைப் பொந்தில் வளரும். கோடையில் தண்டு கீழ்நோக்கித் தொங்கும், அதில் சிறுசிறு பூ, நடுவில் கருஞ்சிவப்புக் கோடு. தொங்கு கூடையில் வைத்தால் சமவெளியிலும் பூக்கும். காட்டிலிருந்து பெயர்த்து எடுக்கக்கூடாது. நர்சரியில் பெருக்கின செடியாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே போய் நாட்டு ஆர்க்கிட்டுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

20 நவம்பர் 2022

தம்பியின் தொட்டியில் முளை! பல்பின் அடியில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கூராக ஒன்று வந்திருக்கிறதாம். நவம்பரில் அடியிலிருந்து கூராக வந்தால் அது பூந்தண்டுதான். ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

27 நவம்பர் 2022

போன குறிப்பை நம்ப வேண்டாம். ஆசையில் எழுதிவிட்டேன். தம்பி மறுபடி விவரம் எழுதினார்: தட்டையாக இருக்கிறது, நுனி விசிறி மாதிரி இரண்டாகப் பிரிகிறது. அது இலைமுளை. அடுத்த வருஷத்துக்கான பல்பு. அதுவும் நல்லதுதான், இருந்தாலும் பூ என்று சொல்லி ஆசை காட்டியது என் தவறு.

வித்தியாசத்தைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். இலைமுளை தட்டை, சீக்கிரமே நுனி பிளந்து பச்சை இலை எட்டிப் பார்க்கும். பூந்தண்டு உருண்டை. நடுவில் கொஞ்சம் பருத்து, ஒன்றன்மேல் ஒன்றாக உறை போர்த்தி, நுனி மூடியே இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் மெல்ல, மிக மெல்ல அழுத்திப் பாருங்கள். இலைமுளை கெட்டியாக இருக்கும். தண்டு உள்ளே காற்று அடைத்தது போல மெத்தென்று அமுங்கும். ரொம்ப அழுத்தினால் உள்ளே இருக்கும் மொட்டு நசுங்கிவிடும்.

28 நவம்பர் 2022

நத்தை. இதை எப்படி மறந்தேன்!

போன வருஷம் நாலு அங்குலத் தண்டு ஒன்று, ராத்திரி பார்த்துவிட்டுப் படுத்தேன். காலையில் தண்டு இருந்த இடத்தில் ஒரு பச்சைக் காயம், அதிலிருந்து தொட்டி விளிம்பு வரை வெள்ளிக் கோடு. ஒரு வருஷக் காத்திருப்பு ஒரே ராத்திரியில் போனது. அன்று நான் சாப்பிடவே இல்லை.

இப்போது தண்டு தென்பட்ட அன்றே அதன் அடியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றிவிடுகிறேன். பஞ்சின் மேல் நத்தைக்கு ஊர வராது. நனைந்தால் மாற்ற வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துத் தொட்டியைச் சுற்றிப் பாருங்கள். பகலில் தேடுவதென்றால் தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும்.

9 ஜனவரி 2023

உறைபனி பற்றி ஊட்டியிலிருந்து இருவர் கேட்டிருக்கிறார்கள். செடி லேசான பனியைத் தாங்கும், மொட்டு தாங்காது. குளிர்காற்று தண்ணீர் மாதிரிதான், சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாய்க் கிடக்கும் காலையில் பத்தடி மேலே சரிவில் ஒன்றுமே இருக்காது. தொட்டியைச் சரிவில், சுவரோரம் வையுங்கள். பள்ளத்தில்தான் வீடு என்றால் மொட்டு வைத்த தொட்டிகளை மட்டும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் கூரையடிக்கு எடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். அடுப்புச் சூட்டில் மொட்டு மஞ்சளாகிக் கொட்டும்.

14 பிப்ரவரி 2023

இந்த வருஷம் எனக்கு 15 தொட்டி. முதலில் பூத்தது பச்சை, நாக்கில் சிவப்புக் கரை போட்டது.

நாக்கு என்றால் நடு இதழ். அது தோணி போல் குழிந்து இருப்பதால்தான் இந்தப் பெயரே வந்தது. கிரேக்க மொழியில் தோணிக்கு உள்ள சொல்லை எடுத்து 1799இல் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் என்ற ஸ்வீடன்காரர் வைத்தார். நாக்கைத் தனியாகப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், தோணியேதான்.

பேரன் ஒன்றைக் கண்டுபிடித்தான். அவனுக்கு ஏழு வயசு. "பாட்டி, தேனீ முதுகுல மஞ்சப் பொட்டு" என்று ஓடி வந்தான். போய்ப் பார்த்தேன். நாக்கின் மேல் வளைந்து நிற்கும் கம்பத்தின் நுனியில் குல்லா மாதிரி ஒரு மூடி உண்டு. தேனீ உள்ளே புகுந்து பின்னால் வரும்போது மூடி கழன்று, அதன் கீழே இருக்கும் மகரந்தக் கட்டி முதுகில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் நாள் அந்தப் பூவின் நாக்கு முழுக்கச் செக்கச் சிவந்துவிட்டது. ஒரு வாரத்தில் வாடியது. அதே தண்டில் தேனீ போகாத பூக்கள் அப்படியே நிற்கின்றன. தொடாமல் விட்டால் எட்டு வாரம் வரை நிற்கும்.

பூவை நெடுநாள் வைத்திருக்க வேண்டுமென்றால் விரிந்த தொட்டியைக் கொசுவலைக்குள் வையுங்கள். நான் இரண்டு தொட்டியை மட்டும் அப்படி வைத்து, மற்றதைத் தேனீக்கு விட்டுவிட்டேன். பேரனின் உத்தரவு.

18 பிப்ரவரி 2023

குன்னூரில் குரங்கு தண்டை ஒடித்துவிடுகிறது என்கிறார்கள். இங்கேயும்தான். சாப்பிடுவதுகூட இல்லை, ஒடித்துப் போட்டுவிட்டுப் போகும். தொட்டி மேசையைச் சுற்றிக் கம்பிவலை அடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. காட்டெருமை வந்தால் வலையோடு போகும். அதற்கு வேலிதான்.

12 மார்ச் 2023

உரம் கேட்டவர்களுக்கு. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு), லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு முறை. செப்டம்பரிலிருந்து தழைச்சத்தை நிறுத்தி 0:52:34 அதே அளவில், தண்டு தெரியும் வரை. மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரைத் தொட்டி வழிய ஊற்றி உப்பை அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை நுனி கறுக்கும்.

தம்பியின் அம்மா கடலைப் புண்ணாக்குத் தண்ணீர்தான் ஊற்றுவாராம். அதுவும் நல்லதே. மூன்று நாள் ஊறவைத்துத் தெளிவை மட்டும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வெயில் மாதங்களில் ஊற்றலாம். மழைக்காலத்தில் வேண்டாம், கலவை சீக்கிரம் மக்கிவிடும்.

3 ஏப்ரல் 2023

தொட்டி மாற்றும் காலம் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

2018இல் ஒரு கடையில் மலிவாக ஒரு செடி வாங்கினேன். இலையில் வெளிர் கோடுகள் நீளவாக்கில் இருந்தன. உரக்குறை என்று நினைத்தேன். அந்த மார்ச்சில் ஒரே கத்தியால் அதையும் பிரித்தேன், என் பழைய செடிகளையும் பிரித்தேன். அடுத்த வருஷம் ஏழு தொட்டியில் அதே கோடு. கோடுகள் மெல்லக் கறுத்து, குழிந்து, இலை முழுக்கப் பரவின. சிம்பிடியம் மொசைக் வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. செடியின் சாறு பட்ட கத்தி அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோகும். ஏழையும் எரித்தேன். 2009இல் வாங்கிய முதல் செடியும் அதில் ஒன்று.

ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தியை நெருப்பில் காட்டிச் சிவக்க வையுங்கள். பூத்தண்டு வெட்டும்போதும்தான். புதுச் செடியை ஆறு மாதம் தனியாக வைத்துக் கவனித்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

4 ஏப்ரல் 2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பி தொட்டி மாற்றவே பயப்படுகிறார். பயம் வேண்டாம். உங்கள் இலையில் கோடு இல்லை. ஆனால் இந்த வருஷம் மாற்றாதீர்கள், இப்போதுதான் வெயிலுக்குப் பழகியிருக்கிறது. பூத்த பிறகு மாற்றலாம்.

26 மே 2023

வெயிலில் இலை அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் மின்னினால் சிவப்புச் சிலந்திப்பூச்சி. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் துருக்கறை படியும். காற்று வறண்டால் வரும். காலையில் இலைக்கு அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், நாலைந்து நாள் விடாமல்.

17 செப்டம்பர் 2023

ஒரு வருஷம் ஆகிவிட்டது. தம்பி படம் அனுப்பினார். இலை கொழுந்து நிறத்துக்கு வந்திருக்கிறது! புது பல்பு ஒவ்வொன்றும் கோழிமுட்டையைவிடப் பெரிசு. பக்கத்தில் நிற்கும் நிழல்காலத்துப் பல்பு சின்ன வெங்காயம் போல ஒடுங்கி இருக்கிறது. நாலு வருஷக் கதையும் அந்த ஒரே தொட்டியில் வரிசையாக இருக்கிறது, பழசிலிருந்து புதுசு வரை எண்ணிப் பார்த்தேன்.

பாலிதீன் ஏற்ற மறக்காதீர்கள்.

3 டிசம்பர் 2023

தம்பியின் நடுத் தொட்டியில் இரண்டு தண்டு. உருண்டையாம், மெத்தென்று இருக்கிறதாம். தம்பி இந்தத் தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். பஞ்சு சுற்றிவிட்டாராம்.

10 டிசம்பர் 2023

ஓரத் தொட்டியிலும் ஒன்று.

21 பிப்ரவரி 2024

தம்பியின் நடுத் தொட்டி விரிந்துவிட்டது. மஞ்சள் கலந்த பச்சை, நாக்கு நுனியில் அரைவட்டமாக இரத்தச் சிவப்பு. ஒரு தண்டில் பதின்மூன்று, மற்றதில் பதினொன்று. நிறத்தைப் பார்த்தால் இதன் பரம்பரையில் பர்மாவின் லோவியானம் என்ற காட்டுச் சிம்பிடியம் கண்டிப்பாக இருக்கிறது, அந்த அரைவட்டம் அதன் முத்திரை. 1889இல் இங்கிலாந்தில் வெய்ச் நர்சரி முதன்முதலில் பூக்கவைத்துக் காட்டிய கலப்பினத்திலும் லோவியானம்தான் ஒரு பெற்றோர். இமயமலை எபர்னியம் மற்றொன்று.

தம்பி ஒரு வரி எழுதினார்: "அப்பா காலையிலிருந்து சமையலறைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்."

23 பிப்ரவரி 2024

பூட்டானில் சிம்பிடியத்தின் ஒரு வகையின் பூமொட்டைக் கறி சமைப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், லேசாகக் கசக்குமாம். அவர்களுக்கு அது காட்டில் நிறையக் கிடைக்கிறது. எனக்கு மனசு வராது.

7 ஏப்ரல் 2024

பூ முடிந்தது. தண்டை அடியில் ஒரு அங்குலம் விட்டு வெட்டியாயிற்று. இப்போது தொட்டி மாற்றலாம். கத்தியைச் சுட்டுக்கொள்ளுங்கள். பிரிப்பதாக இருந்தால் ஒரு துண்டில் இலையோடு மூன்று பல்பாவது இருக்க வேண்டும், தனித்தனியாகப் பிய்த்தால் மூன்று வருஷம் பூக்காது. புதுத் தொட்டியில் பழைய பல்பு விளிம்பை ஒட்டி, புது முளை நடுவைப் பார்த்து இருக்கட்டும்.

தம்பிக்கு இலையே இல்லாத வெறும் பல்பு நாலு கிடைத்ததாம், குப்பையில் போடலாமா என்று கேட்கிறார். போடாதீர்கள். அவை நிழல்காலத்துக்கும் முந்தியவை, கொழுத்தவை. அம்மா இருந்தபோது வளர்ந்தவை. அழுகாமல் கெட்டியாக இருந்தால் காய்ந்த உறையை உரித்துவிட்டு, ஈர மட்டைத்தூளில் பாதி புதைத்து, நிழலில் வையுங்கள். இதற்கு மட்டும் நிழல்.

16 ஜூன் 2024

நாலில் ஒன்றில் முளை, அரை அங்குலம். மற்ற மூன்றும் கெட்டியாக இருந்தால் இன்னும் ஆகஸ்ட் வரை பொறுங்கள். முளைக்குச் சொந்த வேர் வந்ததும் நாலு அங்குலத் தொட்டி போதும், பெரிசில் வைத்தால் ஈரம் தேங்கும். பூக்க மூன்று வருஷம் பிடிக்கும். சுவரில் நாலாவது வட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.